ஏழாம் எண் ரோபோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொம்மைகள் என்னுடையவை. பிறந்த குழந்தைக்கோ பிறக்கப்போகிற குழந்தைக்கோ சேர்த்து வைத்தவை அல்ல. முப்பத்தோராம் வயதில் கட்டைவிரல் உயரமுள்ள ஒரு ரோபோ என் கைக்கு வந்தது, பிடித்துப்போனது, இன்னொன்று கிடைக்காதா என்று இருந்தது. இவ்வளவுதான் விஷயம். இதை உறவுக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பாதிப்பேருக்கு இன்னும் புரியவில்லை. புரியாதவர்களுக்காக நான் அலமாரியைக் காலி செய்யப்போவதும் இல்லை.

அப்போது கோவையில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். பேரிங், பெல்ட், பல்சக்கரம், ஸ்பிண்டில் என்று ஆயிரக்கணக்கில் உதிரிபாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் அறை, ஓர் அட்டை. பொருள் வந்தால் அட்டையில் வரவு, போனால் செலவு, மீதி இருப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பொம்பளைக்கு ஸ்டோர்ஸில் என்ன வேலை என்று முனகிய ஃபிட்டர்கள், மூன்றே மாதத்தில் எந்தப் பல்சக்கரம் எந்த அறையில் என்று என்னிடம்தான் வந்து நின்றார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு சாமான் அதற்குரிய இடத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். இது குணம். சிலருக்குக் கோலம் போடப் பிடிக்கும், சிலருக்கு ஊர்வம்பு பேசப் பிடிக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மில் ஜப்பானிலிருந்து ஒரு மெஷினை இறக்குமதி செய்தது. நூலைக் கோன் என்கிற கூம்பில் சுற்றுகிற மெஷின், நூல் அறுந்தால் தானே இணைத்துக்கொள்ளும். அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்காக ஒரு ஜப்பான்காரர் கூடவே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று மாதம் இருந்தார். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டார், வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டார், யாரைப் பார்த்தாலும் குனிந்து வணங்கினார். தினமும் நாலு தடவையாவது வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் மொழி தெரியாது, இரண்டு பேரின் இங்கிலீஷையும் சேர்த்தால்கூட ஒரு வாக்கியம் தேறாது. ஆனால் எண் தெரியும். அவர் விரல் வைத்த எண்ணுக்கு உரிய பாகத்தை நான் எடுத்து மேசையில் வைப்பேன். ஒருநாளும் தப்பாக எடுத்ததில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஊருக்குத் திரும்புகிற அன்று ஒரு துணிப்பையோடு வந்தார். பை நிறையப் பிளாஸ்டிக் உருண்டைகள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு, ஒரு பாதி சிவப்போ நீலமோ, மறுபாதி உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. அவர் ஊரில் கடைவாசலில் ஒரு பெட்டி நிற்குமாம். காசைப் போட்டுக் குமிழைத் திருகினால் ஓர் உருண்டை விழுமாம். எந்தப் பொம்மை வரும் என்று யாருக்கும் தெரியாதாம். இதையெல்லாம் கையாலேயே திருகிக் காட்டி, வாயால் 'டப்' என்று சத்தம் போட்டுச் சொல்லி முடித்தார். ஃபிட்டர்கள் ஆளுக்கொன்று வாங்கி, பையனுக்கு ஆச்சு, பாப்பாவுக்கு ஆச்சு என்று பையில் போட்டுக்கொண்டார்கள்.

என் முறை வந்தபோது ஃபோர்மேன் குறுக்கே வந்தார். இரண்டு கைகளையும் கோத்துக் குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினார், பிறகு கையை விரித்தார். இவளுக்குக் குழந்தை இல்லை என்று அர்த்தம். "அவங்களுக்கு எதுக்குங்க, வேற ஆருக்காச்சும் குடுக்கலாம்" என்று தமிழிலும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஓர் உருண்டை வீணாகிவிடக் கூடாதே என்கிற அக்கறை. எனக்குக் காது வரை சுட்டது.

ஜப்பான்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கீழே வைத்திருந்த கருவிப்பெட்டியின் மூடியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். மூடியின் உட்புறத்தில், ஸ்பேனர்களுக்கு மேலே, வரிசையாக ஐந்து குட்டி ரோபோக்கள் ஒட்டியிருந்தன. நாற்பத்தைந்து வயது மனிதரின் சொந்தப் பொம்மைகள். அவருக்குக் குழந்தை உண்டா இல்லையா என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவர் ஓர் உருண்டையை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அங்கேயே திறந்தேன். உள்ளே மடக்கிய ஒரு துண்டுக் காகிதமும் நீல நிறத்தில் ஒரு ரோபோவும் இருந்தன. பெரிய தலை, குட்டைக் கால், தோளில் தனியாகச் செருக வேண்டிய இரண்டு தகடுகள். கைவிரல்கள் கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. அரிசிமணி அளவு முகத்தில் மஞ்சள் கண்கள் இரண்டு, யாருக்கும் பயப்படாத கண்கள். காகிதத்தில் பத்து ரோபோக்களின் படம் எண்ணோடு அச்சாகியிருந்தது. என்னுடையது இரண்டாம் எண். ஜப்பான்காரர் பென்சிலை எடுத்து அதற்கு நேராக ஒரு டிக் போட்டார், மற்ற ஒன்பதையும் சுட்டிக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகவே புரிந்தது. ஸ்டோர்ஸில் பத்து அறையில் ஒன்பது காலியாகக் கிடந்தால் என்ன தோன்றுமோ, அதுதான் எனக்குத் தோன்றியது.

அவை ஜப்பான் டி.வி.யில் வருகிற படம் வரைந்த தொடர்களின் ரோபோக்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அனிமே என்கிற சொல்லே அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. அந்தத் தொடர் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எது நல்லவன், எது வில்லன், எது யாரோடு சண்டை போட்டது, ஒன்றும் தெரியாது. எனக்கு அவை எண்கள்தான். மூன்றாம் எண் பச்சை, கையில் கோடரி. ஐந்தாம் எண் வெள்ளை, முதுகில் இறக்கை. எட்டாம் எண்ணுக்கு ஒற்றைக் கண்.

மெஷினுக்கு உதிரிபாகங்கள் மரப்பெட்டியில் கப்பலில் வரும். முதல் பெட்டியைப் பிரித்து, சாமான் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வந்தேன். வைக்கோல் மாதிரி சுருள்காகிதத்துக்கு அடியில், பட்டியலில் இல்லாத மூன்று உருண்டைகள் கிடந்தன. மேலே ஒட்டிய தாளில் 'ஸ்டோர்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உங்களுக்குத்தானுங்க போட்டிருக்கறான், எடுத்துக்குங்க" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டோ மூன்றோ வரும். வருடத்துக்கு ஒருமுறை ஜப்பான்காரரே சர்வீஸுக்கு வருகிறபோது ஒரு கைப்பிடி வரும். நான் பதிலுக்கு முறுக்கும் தேங்காய் பர்பியும் கட்டிக் கொடுப்பேன். இரண்டாம் எண் மட்டும் ஐந்து தடவை வந்தது. இரட்டையாக வந்தவற்றை எல்லாம் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் என்னைக் கஞ்சப்பிசினாறி என்று சொன்னார்கள்.

ஒற்றையாக இருப்பதைக் கொடுக்கமாட்டேன். அதுதான் என் சட்டம். மில்லில் பயன்படாத அட்டைகள் சிலவற்றை எடுத்து வந்து, ஒவ்வொரு ரோபோவுக்கும் ஓர் அட்டை போட்டேன். எண், நிறம், வந்த நாள். செலவுக் கட்டத்தில் எதுவும் எழுதுவதாக இல்லை.

எங்கள் வீடு போத்தனூரில். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி ஆறு வீடுகள் உள்ள வரிசையில் மூன்றாவது வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கூடத்தில் சுவரோடு சேர்ந்த ஒரு கண்ணாடி அலமாரி. அதில் முதலில் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சாமான்கள் இருந்தன. நான் அவற்றை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, நடுத்தட்டில் ரோபோக்களை வரிசையாக நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்லாதவர். அப்போது அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ஒறம்பரை வந்தால், அதாவது விருந்தாளிகள் வந்தால், தண்ணீர்ச் செம்பைக் கீழே வைப்பதற்கு முன்பே அலமாரியைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிறகு என் வயிற்றைப் பார்ப்பார்கள். "பாவம், ஆசைக்கு வாங்கி வெச்சிருக்குது" என்று ஒருத்தி சொல்வாள், இன்னொருத்தி உச்சுக்கொட்டுவாள். நான் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, "எனக்குத்தானுங்க வாங்கினது" என்பேன். அவர்கள் இன்னும் அதிகமாக இரக்கப்படுவார்கள். கோபத்தைவிட இரக்கம் எரிச்சலான சமாச்சாரம். கோபப்பட்டால் திருப்பிக் கோபப்படலாம். இரக்கப்படுகிறவர்களை என்ன செய்வது?

எனக்குக் குழந்தை வேண்டும் என்று இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கல்யாணமாகி எட்டு வருடம். மாதாமாதம் ஒருநாள் அழுதிருக்கிறேன். அந்த அழுகைக்கும் இந்த ரோபோக்களுக்கும் சம்பந்தம் இல்லை. அழுத அன்று நான் அலமாரிப் பக்கம் போனதே இல்லை. சந்தோஷமாக இருக்கிறபோதுதான் கண்ணாடியைத் திறந்து அவற்றைத் தூசு தட்டுவேன். ஒரு மனுஷிக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆசைகள் இருக்கலாம், ஒன்றுக்கு இன்னொன்று முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். அந்த ஜப்பான்காரர் வருவதற்கு முந்தைய வருடம் நாங்கள் இருவரும் டாக்டரிடம் போய் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டோம். குறை என்னிடம் இல்லை. என் கணவரிடம் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் அந்தக் காகிதத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கிவிட்டார். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், ஊருக்குள்ள ஆருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். நான் சரி என்றேன். அவர் மேல் இருந்த பிரியத்தால்தான் சொன்னேன். அதற்குப் பிறகு கோயிலுக்கு விரதம் இருந்தவள் நான், வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்தவள் நான், வளைகாப்பு வீடுகளில் ஓரமாக உட்காரச் சொன்னால் உட்கார்ந்தவள் நான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

படக் காகிதத்தில் இருந்த பத்து ரோபோக்களில் ஒன்பது வந்துவிட்டன. ஏழாம் எண் மட்டும் மூன்று வருடமாக வரவில்லை. காகிதத்தில் அது சாம்பல் நிறமாக, நெற்றியில் சிவப்புக் கொம்போடு, ஒரு காலை முன்னே வைத்து நிற்கும். ஒவ்வொரு மரப்பெட்டியைப் பிரிக்கும்போதும் முதலில் அதைத்தான் தேடுவேன். கடைசியில் ஒரு தை மாதம், பெல்ட்டுச் சுருளுக்கு நடுவில் ஓர் உருண்டை இருந்தது. வெளியிலிருந்தே சிவப்புக் கொம்பு தெரிந்தது. ஸ்டோர்ஸில் தனியாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய் அட்டை எழுதினேன். எண் ஏழு, வரவு ஒன்று, இருப்பு ஒன்று.

அடுத்த வாரம் என் மாமியார் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். தேங்காயும் கத்தரிக்காயும் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார், நாலு நாள் இருப்பார். என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கூப்பிடுவதே "அம்மிணி" என்றுதான். அதே சமயத்தில் என் நாத்தனாரும் நாலு வயசு மகளோடு வந்து சேர்ந்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள். அவள் அந்த நங்கையில் தேனைத் தடவிக் கொடுப்பாள்.

குழந்தை அலமாரிக்கு முன்னால் நின்றது. நான் இரட்டையாக இருந்த இரண்டாம் எண்ணைக் கொடுத்தேன். அதற்கு அது வேண்டாம். கொம்பு வைத்ததுதான் வேண்டும். நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் நாத்தனாரே கண்ணாடியைத் திறந்து ஏழாம் எண்ணை எடுத்துக் கொடுத்திருந்தாள். குழந்தை அதை வாயில் வைத்துக் கொம்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

நான் மண்டியிட்டு, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். குழந்தை வீறிட்டு அழுதது.

"ஏனுங்க நங்கை, ஒண்ணு குடுத்தா என்னங்க கொறைஞ்சு போகுது? ஒரு பொடுசு கையிலருந்து புடுங்குவாங்களா?" என்றாள் நாத்தனார்.

"இது என்னோடது. அதுக்குன்னு வேற ஒண்ணு குடுத்தேன்."

"இப்படி மனசு இருந்தா எங்கிருந்துங்க வரும்?"

என்ன வரும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் ஏழாம் எண்ணைக் குழாயடியில் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்து, அதன் இடத்தில் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினேன். என் மாமியார் கூடத்து மூலையில் கத்தரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர், காயைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா இரு புள்ள, அது அவளோடதுதானே" என்று மகளை மட்டும் அதட்டினார். எனக்காகப் பேசினாரே என்று நெகிழ்ந்துபோனேன். அவர் மனதில் வேறு கணக்கு ஓடியது எனக்குத் தெரியாது.

எல்லோரும் ஊருக்குப் போன மறுநாள் அலமாரியைப் பார்த்தேன். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் காலி. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், சாக்கை உதறினேன், குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். நாத்தனார்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் அங்கே இல்லாதது அவளுடைய நல்ல காலம். என் கணவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே பொத்தானை ரொம்ப நேரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவ எடுக்கலெ" என்றார். "அம்மாதான் எடுத்துட்டுப் போனாங்க."

"அத்தையா? எதுக்குங்க?"

"தொட்டில் கட்டறதுக்கு."

அவர் ஊரில் மலையடிவாரத்தில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. குழந்தை வேண்டி வருகிறவர்கள் கோயில் வாசலில் ஒரு குட்டி மரத்தொட்டில் வாங்கி, உள்ளே ஒரு கல்லை மஞ்சள் துணியில் சுற்றி வைத்து, அங்குள்ள மரத்தில் கட்டுவார்கள். கல்தான் குழந்தை. என் மாமியார் யோசித்திருக்கிறார். எட்டு வருடமாகக் கல் வைத்துப் பலன் இல்லை. என் மருமகள் உயிராக நினைக்கிற ஒன்றை வைத்தால் அம்மன் கண்திறப்பாள். நாலு வயசுக் குழந்தைக்குக்கூடக் கொடுக்காமல் பிடுங்கினாளே, அதுதான் அவள் பிள்ளையாக நினைத்துக்கொண்டிருப்பது. ஆகையால் ஏழாம் எண்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா? நேத்தே தெரியுமா?"

"எடுக்கறப்பப் பாத்தேன்."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரிஞ்ச நீங்களே எப்படிங்க எடுக்க உட்டீங்க?"

அவர் பொத்தானை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. இவருடைய ஒரு பதிலை மிச்சப்படுத்த என் பொம்மை மரத்தில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வரப்போகிறேன் என்றேன். அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "கட்டுன தொட்டில அவுக்கக் கூடாது. அவுத்தா கொழந்தையே இல்லாமப் போயிரும்னு சொல்லுவாங்க. காலத்துக்கும் உன்னையத்தான் சொல்லுவாங்க."

"இப்ப மட்டும் ஆரையங்க சொல்றாங்க?" என்றேன்.

அவர் கூட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் முழுக்க எனக்குள் ஒத்திகைதான். உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரு வினாடியில் முடிந்துவிடும், எவரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொல்லாமல் தொட்டிலை அவிழ்த்தால் எட்டு வருடப் பழியோடு இன்னும் ஒன்று சேர்ந்துகொள்ளும், அதை ஆயுசுக்கும் இறக்கி வைக்க முடியாது. பேசாமல் திரும்பிப் போய்விட்டால் ஒரு பிளாஸ்டிக் பொம்மைதான் நஷ்டம். மூன்றாவது வழிதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரக்கப்பட்டவர்கள், உச்சுக்கொட்டியவர்கள், வயிற்றைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அது முடியாது.

என் மாமியார் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானார். தொட்டிலைக் கும்பிடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "வா கண்ணு, அவன் சொல்லிப்போட்டானா? நானே கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன்" என்று என் தலையில் பூ வைத்தார். கோயிலுக்கு நடக்கிற வழியெல்லாம் ஓடைக்கரையில் யானை மிதித்துப்போட்ட வாழைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். நான் எடுக்கத்தான் வந்தேன் என்று அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அதில் எனக்கு வெட்கம்தான்.

மரம் நிறையத் தொட்டில்கள். மழையில் கறுத்தவை, சாயம் போனவை, கயிறு அறுந்து ஒரு பக்கமாகத் தொங்குபவை. புதுத் தொட்டில் ஒன்று கைக்கெட்டும் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மஞ்சள் துணி மெத்தைமேல் ஏழாம் எண் மல்லாந்து கிடந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. நெற்றியில் கொம்பு மறையும்படி குங்குமம். ஒரு காலை முன்னே வைத்து நிற்கிற பொம்மை அது. படுக்கவைத்தால் அந்தக் கால் வானத்தை உதைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கிளையில் தொட்டிலைக் கட்டிய கயிறே பொம்மையையும் சுற்றிப் போயிருந்தது, அதில் கை வைத்தேன். முடிச்சு இறுகியிருந்தது.

"என்ன கண்ணு பண்ற?" என்றார் மாமியார்.

"எடுத்துக்கறனுங்கத்தை. இது என்ற பொம்மைங்க. கொழந்தை இல்லீங்க."

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த மூன்று நாலு பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பூசாரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அம்மிணி, கட்டுனத அவுக்கறது ஆகாதுங்க, குத்தமாயிருமுங்க" என்றார். நான் முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நகம் உடைந்தது. முடிச்சு அவிழ்ந்தது. பொம்மையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு கீழே குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, அந்த மஞ்சள் துணியிலேயே சுற்றி, தொட்டிலில் வைத்து, மறுபடியும் அதே கிளையில் கட்டினேன். குழந்தை கேட்பதென்றால் கல்லை வைத்தே கேட்போம், ஊரில் எல்லாரும் அப்படித்தானே கேட்கிறார்கள். இதைச் சத்தமாகவே சொன்னேன்.

"கொறை வெச்சிருக்கறவளே இந்தத் திமிரு திமிருனா எப்படி?" என்றாள் ஒருத்தி, பொங்கல் கரண்டியோடு.

நான் திரும்பினேன். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் வெளியே விழுந்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன். கோயிலை விட்டு நடந்தேன். என் மாமியார் பின்னாலேயே வந்தார். அவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தோம். புளியமரத்தடியில் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தோம். பஸ் வரச் சித்த நேரம் இருந்தது. அவர் தலைப்பை முறுக்கிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அங்க என்னமோ சொல்ல வந்து முழுங்கிப்போட்டியே அம்மிணி. என்ற பையனுக்கா கொறை?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான். ரோட்டில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி போனது. அது வளைவில் மறைகிற வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். எதற்கென்று புரிந்து, இடுப்பிலிருந்து பொம்மையை எடுத்துக் கொடுத்தேன். கழுத்துக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். தலைப்பை எச்சில் தொட்டு, கொம்பில் ஒட்டியிருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். கண் இடுக்கில் இருந்த மஞ்சளைக்கூட விடவில்லை. அழுதுகொண்டே துடைத்தார். துடைத்து முடித்து என் கையில் வைத்தார்.

"பத்திரமா வெச்சுக்க. ஆராச்சும் கேட்டா, எங்க மாமியாதான் அவுத்தாங்கன்னு சொல்லிப்போடு. என்னைய ஆரு என்ன சொல்லீருவாங்க? வயசாச்சு. எம் மேல போட்டுரு."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். என் மாமியார் காலமாகி வருடங்கள் ஆகின்றன, எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவர் சொன்னபடி அவர்மேல் பழியைப் போட்டிருந்தால் எத்தனையோ கல்யாண வீடுகளில் எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியிருக்கும். நான் போடவில்லை. இன்றைக்கும் எவளாவது வந்து, அந்தத் தொட்டிலை யார் அவிழ்த்தது என்று கேட்டால், நான்தான் அவிழ்த்தேன் என்பேன்.